நம் சேற்றில் உர்வில்லி இல்லை

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் போய் வந்தவர்கள் பிடில் நண்டுப் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் குட்டிச் சேற்று நண்டு இது. கேள்வி ஒன்றுதான்: "இது என்ன இனம்?" படத்தில் பெரிய கொடுக்கு அழகாகத் தெரியும், சிலசமயம் கண்ணும் தெரியும். மண் தெரியாது, வயிறு தெரியாது, எந்த இடம் என்ற குறிப்பும் இருக்காது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்வது சுலபம். சொன்ன பெயர் நாளைக்கு ஒரு பட்டியலில் ஏறும், பட்டியலிலிருந்து ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்குப் போகும், அதற்கப்புறம் அதைத் திருத்த ஆளே கிடைக்காது. தலைப்பில் உள்ள உர்வில்லியும் அப்படி நம் பட்டியல்களில் ஏறிய ஒரு பெயர்தான். இந்தக் குட்டி நண்டுகளின் பெயர் விஷயத்தில் நான் கறாராக இருப்பது இதனால்தான்.

முதலில் ஒரு தகவல். பிடில் நண்டு எல்லாவற்றையும் 'யூகா' என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டு நாம் படித்தோம். உலகம் முழுக்கச் சேர்த்தால் இந்த நண்டுகளில் நூற்றுச் சொச்சம் இனங்கள் உண்டு. 2016இல் தைவானைச் சேர்ந்த சீ-தே ஷீ தலைமையில் ஒரு பெரிய குழு மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, அந்த ஒரு பேரினத்தை 11 ஆகப் பிரித்தது. இன்று யூகா என்ற பெயருக்கு உரியவை அமெரிக்கக் கரைகளில் உள்ள சில இனங்கள் மட்டும். அதைவிட ஆச்சரியம், அந்த அமெரிக்க யூகாவும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆஃப்ரூகாவும் மற்ற பிடில் நண்டுகளைவிட மெரினா மணலில் ஓடும் பேய் நண்டுகளுக்குத்தான் நெருக்கம் என்று அந்த ஆய்வு சொன்னது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருப்பதை வைத்து எல்லாம் ஒரே பேரினம் என்று நூறு வருடத்துக்கு மேல் நினைத்திருந்தோம். கொடுக்கை நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு இதுவே போதும்.

நம் கரையில் பார்ப்பவை பெரும்பாலும் மூன்று கூட்டத்தில் அடங்கும். ஆஸ்ட்ரூகா, கெலாசிமஸ், டூபூகா. இந்த மூன்றைப் பிரிப்பதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம், நண்டின் முகத்தை நேராகப் பார்த்தால் போதும். இரண்டு கண் காம்புகளும் தொடங்கும் இடத்துக்கு நடுவே நெற்றி இருக்கிறது அல்லவா, அது அகலமாக இருந்தால் ஆஸ்ட்ரூகா பக்கம் போகலாம். நெற்றி குறுகி, இரண்டு காம்புகளும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து முளைத்த மாதிரி தெரிந்தால் கெலாசிமஸ் அல்லது டூபூகா. ஆஸ்ட்ரூகா சின்னது, ஆணின் ஓடு குறுக்குவாட்டில் 2 சென்டிமீட்டர் வந்தாலே பெரிய நண்டு. கொடுக்கு வழவழப்பாக இருக்கும், கொஞ்சம் மணல் கலந்த கரையில் இருக்கும். டூபூகா அதைவிடப் பெரிது, கொடுக்கின் வெளிப்புறம் முழுக்க மணி மணியாகச் சொரசொரப்பு, காலை வைத்தால் முழங்கால் வரை போகிற நல்ல களிச்சேற்றில் அலையாத்தி மரங்களின் அடியில் இருக்கும். கெலாசிமஸ் கூட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்றவற்றில் ஆண்களில் ஏறக்குறையப் பாதிக்கு வலப்பக்கக் கொடுக்கு பெரிது, பாதிக்கு இடப்பக்கம். கெலாசிமஸ் வோகன்ஸிலும் அதன் நெருங்கிய சொந்தங்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் வலப்பக்கம்தான். ஒரு திட்டில் நின்று பொறுமையாக எண்ணிப் பார்த்தால் போதும், நண்டைத் தொடாமலே ஒரு நல்ல துப்பு கிடைத்துவிடும்.

கையை ஆட்டும் விதமும் உதவும். அகல நெற்றிக்காரர்கள் கொடுக்கைப் பக்கவாட்டில் விரித்து, ஒரு வட்டம் போட்டு முன்னால் கொண்டுவருவார்கள். குறுகிய நெற்றிக்காரர்களில் பெரும்பாலும் மேலே கீழே என்று தூக்கி இறக்குவதுதான். அதனால் படம் அனுப்புகிறவர்கள் பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்பினால் படத்தைவிட அது எனக்குப் பல மடங்கு பயன்படும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நம்பத் தோன்றும், தெரியும், ஏனென்றால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வெயில் ஏறும்போது வளையை விட்டு வெளியே நிற்கும் ஆண் வெளுத்துப் பளிச்சென்று இருப்பான். அதே நண்டைக் கையில் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் சீக்கிரமே மங்கிக் கறுத்துவிடும். பகலுக்கு ஒரு நிறம், இரவுக்கு ஒரு நிறம், நீர் ஏறி வற்றும் ஓட்டத்துக்கு ஏற்ப ஒரு மாற்றம், ஓடு கழற்றுவதற்கு முன் ஒரு அழுக்கு நிறம். ஆல்கஹாலில் போட்டபின் கொஞ்ச நாளில் எல்லாம் போய் வெளிறிய மஞ்சளாகிவிடும். குஞ்சு நண்டின் நிறம் வேறு, வளர்ந்ததன் நிறம் வேறு. உயிரோடு இருக்கும்போது எடுத்த படத்தில் நிறம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இரண்டு நெருங்கிய இனங்களைப் பிரிக்கும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

இந்தியக் கரைகளின் பழைய நண்டுப் பட்டியல்களைப் புரட்டினால் 'யூகா உர்வில்லி' என்ற பெயர் வரும். பெயரைக் கொடுத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்ரி மில்ன் எட்வர்ட்ஸ், 1852இல். பாகிஸ்தான், இந்தியா, அந்தமான் கடல், அந்தப் பக்கம் செங்கடல், கீழே தென்னாப்பிரிக்கா என்று இந்தியப் பெருங்கடலைச் சுற்றி எங்கே இந்த மாதிரி டூபூகா கிடைத்தாலும் இந்தப் பெயரே போடப்பட்டது. 2018இல் ஷீயும், தைவானில் வேலை செய்யும் பெனி சானும், சிங்கப்பூரின் பீட்டர் இங் என்பவரும் சேர்ந்து இந்தக் கூட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இனங்களை ஒப்பிட வழக்கமாக எடுக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுவை ஒப்பிட்டபோது தென்கிழக்கு ஆப்பிரிக்க நண்டுகள் ஒரு பக்கமாகவும், செங்கடலிலிருந்து இந்தியா வழியாக அந்தமான் கடல் வரைக்கும் உள்ளவை இன்னொரு பக்கமாகவும் தெளிவாகப் பிரிந்து நின்றன. இரண்டும் பிரிந்து சுமார் 22 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். உண்மையான உர்வில்லி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும்தான் இருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் இருப்பது அதுவரை பெயரே இல்லாத இனம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டூபூகா ஆல்காக்கி.

ஆல்காக் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக் ஒரு மருத்துவர், 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பலில் அறுவை மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் போனவர், பிறகு கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். 1900இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தியக் கரை நண்டுகளில் ஒரு பெரும் பகுதியை வரிசைப்படுத்தி எழுதினார். இன்றைக்கும் நம் கடற்கரை நண்டு எதையாவது சரிபார்க்க உட்கார்ந்தால் அவருடைய விவரிப்புகளைத் திறக்காமல் முடியாது. நண்டை மேசையில் வைத்து ஒவ்வொரு முகடையும் பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து எழுதியவருடைய பெயர், அவர் வேலை பார்த்த கரையின் நண்டுக்கே கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி.

இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. மரபணு பிரித்துக் காட்டியதும் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. திரும்பிப் போய் நண்டுகளைப் பார்த்தார்கள். ஓட்டின் முன்பக்கத்து ஓரக் கோணத்தில் வித்தியாசம் இருந்தது, ஆணின் இனச்சேர்க்கை உறுப்பின் நுனியில் வித்தியாசம் இருந்தது. இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, யாரும் அதை ஒரு எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே ஒன்று போலவே இருந்து, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு வேறுபாடு தெரிய வரும் இப்படிப்பட்ட இனங்கள் கரை நண்டுகளில் நிறைய இருக்கின்றன. மரபணு மட்டுமே சொல்லி, கையில் இருக்கும் நண்டைப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை என்றால் கிள்ளையில் படகோட்டுகிறவருக்கோ முதலாம் ஆண்டு விலங்கியல் மாணவருக்கோ அந்தப் பெயரால் எந்தப் பலனும் இல்லை. இவர்கள் வைத்த பெயரை ஒரு நல்ல லென்ஸ் இருந்தால் யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

ஆணின் அந்த இனச்சேர்க்கை உறுப்பைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நெருங்கிய இனங்களைப் பிரிக்கும்போது பெரும்பாலான வழக்குகள் கடைசியில் அங்கேதான் தீர்கின்றன. நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்றுப்பக்கம் ஒரு மடல் மடிந்திருக்கும். ஆணுக்கு அது ஒடுக்கமாகக் கூராக, பெண்ணுக்கு அகலமாக வட்டமாக. ஆணின் மடலை ஊசியால் மெல்ல நிமிர்த்தினால் அடியில் இரண்டு நீளமான குச்சிகள் படுத்திருக்கும், அவைதான் அந்த உறுப்பின் முதல் ஜோடி. ஆஸ்ட்ரூகாவில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அதன் நுனியில்தான் விஷயம். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நுனியில் ஒரு சிறு துளை, அதன் இரு ஓரங்களிலும் மெல்லிய தகடு மாதிரி விளிம்பு, கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டைவிரல் என்று நாங்கள் சொல்லும் ஒரு புடைப்பு. ஓர் இனத்தில் ஒரு பக்கத் தகடு அகலம், இன்னொன்றில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஓர் இனத்தில் கட்டைவிரல் நுனிக்குப் பக்கத்தில், இன்னொன்றில் வெகு கீழே. நுனி முறுக்கிக்கொண்டிருப்பதால் ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது, மெல்ல உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி மயிர்கள் அடர்ந்து, அதில் சேறு ஒட்டியிருக்கும். மிக மெல்லிய தூரிகையால் ஆல்கஹாலுக்குள்ளேயே வைத்துத் துடைத்தால்தான் விளிம்பு தெரியும். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் என்பதால், நீங்கள் வரைந்தது எந்தப் பக்கத்து உறுப்பு என்று எழுதாவிட்டால் ஒப்பிடுகிறவர் குழம்பிப் போவார்.

பெண் நண்டுக்கு இந்த வழி இல்லை. அதனால் பக்கத்து வளையில் நிற்கும் ஆணின் பெயரையே பெண்ணுக்கும் எழுதிவிடும் பழக்கம் வந்துவிட்டது. ஒரே ஒரு இனம் மட்டும் உள்ள திட்டில் பரவாயில்லை, இரண்டு மூன்று இனங்கள் கலந்து வாழும் கரையில் அது வெறும் ஊகம். பெண்ணைத் தனியாகவே எழுதுங்கள், பேரினம் வரைக்கும்தான் தெரிகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள்.

ஆஸ்ட்ரூகா பக்கம் கதை இன்னும் நீளம். ஜோஸ்லின் கிரேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இல் உலகத்துப் பிடில் நண்டுகளைப் பற்றி 700 பக்கத்துக்கு மேல் ஒரு நூல் எழுதினார். நாடு நாடாகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எப்படிக் கையாட்டுகிறது என்று பார்த்து எழுதிய நூல், அதற்கு ஈடு இன்னும் வரவில்லை. அவர் லாக்டியா என்ற ஒரே இனத்துக்குள் அன்னுலிபெஸ், பெர்ப்ளெக்சா, மியோபெர்கி எல்லாவற்றையும் துணையினங்களாக வைத்தார். நம் பழைய பட்டியல்களில் 'லாக்டியா அன்னுலிபெஸ்' என்று இரட்டைப் பெயராக வருவது அங்கிருந்துதான். பிறகு வந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவில் அன்னுலிபெஸும் பெர்ப்ளெக்சாவும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன, ஒன்றோடு ஒன்று கலந்துவிடவில்லை. துணையினம் என்றால் எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் கலப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அவை தனித்தனி இனங்கள். லாக்டியா என்பது சீனா, தைவான், கொரியா, ஜப்பான் கரைக்கு உரியது. வங்கக் கடல் ஓரத்தில் நின்று லாக்டியா என்று எழுதுவதற்கு இனிமேல் காரணம் இல்லை, நம்முடையது அன்னுலிபெஸ்.

அந்த அன்னுலிபெஸும் முழுசாக இருக்கவில்லை. 2016இல் ரெசா நாதர்லூவும் உடன் இருந்தவர்களும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இருப்பதைப் பிரித்து ஆக்சிடென்டாலிஸ் என்று பெயர் வைத்தார்கள். இதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பிடில் நண்டின் நடத்தை பற்றி மிகவும் பேசப்பட்ட ஆய்வுகளில் ஒன்று 2000இல் வந்தது. கொடுக்கை இழந்த ஆணுக்கு மறுபடி முளைக்கும் கொடுக்கு மெலிந்தது, பல் இல்லாதது, சண்டைக்கு உதவாது, ஆனாலும் தூரத்திலிருந்து பார்க்கும் எதிரியும் பெண் நண்டும் அதை நிஜமான கொடுக்கு என்றே எடுத்துக்கொள்கின்றன என்று காட்டிய ஆய்வு. அதில் எழுதியிருந்த பெயர் யூகா அன்னுலிபெஸ். நண்டுகளைப் பார்த்தது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில். அப்படியானால் அது இன்று ஆக்சிடென்டாலிஸ் பற்றிய ஆய்வு. நம் ஊர் அன்னுலிபெஸும் அப்படியே நடந்துகொள்ளலாம், நடக்காமலும் போகலாம், அதை இங்கே உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைக் கவனிக்காமல், பெயர் ஒன்றுதானே என்று அந்த முடிவை அப்படியே நம் கரைக்கு எடுத்து எழுதிய கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே சேறு வேறு, வெப்பம் வேறு, கூடவே வாழும் நண்டுகள் வேறு, இப்போது நண்டே வேறு.

"இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்?" என்று நண்டு ஆய்வில் இருக்கும் நண்பர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிஓஐ மரபணு ஒன்றில் சில எழுத்துகள் மாறியிருப்பதை மட்டும் வைத்துப் புது இனம் அறிவிப்பதை நானும் ஏற்கமாட்டேன். அந்த மரபணு தாய் வழியாக மட்டும் வருவது, ஒரு பக்கக் கதையைத்தான் சொல்லும். தரவுத்தளத்தில் ஏற்றியவர் நண்டையே தவறாகப் பெயரிட்டிருந்தால் அதோடு ஒப்பிடுகிற எல்லாருக்கும் அந்தத் தவறு ஒட்டிக்கொள்ளும். மரபணு, உறுப்பின் நுனி, ஓட்டின் வடிவம், வாழும் மண், கையாட்டும் முறை, இவற்றில் இரண்டு மூன்றாவது ஒரே பக்கம் சாய்ந்தால்தான் பிரிக்கலாம் என்பது என் கட்சி. ஆல்காக்கி அந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது.

அதற்காக, பட்டியலில் உர்வில்லி என்று இருப்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆல்காக்கி என்று மாற்றிவிடவும் கூடாது. இந்தியக் கரையிலிருந்து தூசுமியெரி, ரோசியா என்ற டூபூகாக்களும் பதிவாகியிருக்கின்றன. உர்வில்லி என்று சீட்டுப் போட்டு ஆல்கஹாலில் வைத்த பழைய பாட்டிலுக்குள் இவற்றில் எது வேண்டுமானாலும் கிடக்கலாம். நண்டைப் பார்க்காமல் பெயரை மாற்றுவது, நண்டைப் பார்க்காமல் பெயர் வைத்ததைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை.

அப்புறம், படம் அனுப்புகிறவர்களுக்கு. நண்டைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், பிச்சாவரம் காப்புக் காடு, ஆய்வுக்கு எடுப்பதாக இருந்தாலும் வனத்துறை அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் போய் அசையாமல் நில்லுங்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாம் வளையை விட்டு வெளியே வரும். முகத்தை நேராக ஒரு படம், கொடுக்கின் வெளிப்புறம் ஒரு படம், முடிந்தால் உட்புறம் ஒரு படம், முதுகு ஓடு மேலிருந்து ஒரு படம். காலடியில் மணலா, களியா, மரநிழலா, வெட்டவெளியா என்று ஒரு வரி. இடம், தேதி, நேரம். இவ்வளவு இருந்தால், இன்று வைக்கும் பெயர் பத்து வருடம் கழித்து மாறினாலும் உங்கள் பதிவு வீணாகாது.

கல்லூரி விலங்கியல் துறைகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியில் 'யூகா உர்வில்லி' என்றோ 'யூகா லாக்டியா' என்றோ எழுதிய பாட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆல்கஹால் வற்றியிருந்தால் நிரப்புங்கள். ஓர் ஆண் நண்டை எடுத்து நெற்றியையும் ஓட்டின் முன் கோணத்தையும் மடலுக்கு அடியில் இருக்கும் அந்த நுனியையும் படம் எடுங்கள். பெயர் மாறுகிறது என்று தெரிந்தால் புதுப் பெயரையும், யார் எப்போது பார்த்தார் என்பதையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள் போடுங்கள். பழைய சீட்டு எவ்வளவு மங்கியிருந்தாலும் அதுவும் உள்ளேயே இருக்கட்டும், நண்டு கிடைத்த இடமும் தேதியும் அதில்தான் இருக்கின்றன.